மதிய டப்பாவும் மாதச் செலவும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

வேலையிடத்தில் சாப்பாட்டுச் செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்குக் காய்ந்த பயறுதான் கைகொடுக்கும். ஒரு கப் பயறு ஊறி வெந்தால் இரண்டரை கப் வரும். ராஜ்மாவை மட்டும் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காடாகத் தின்றால் வாந்திதான்.

ஆனால் ஆபத்து அதிகம் சோற்றில். ஆழமான பாத்திரத்தில் விட்டால் நடுவில் வெதுவெதுப்பு மணிக்கணக்கில் நிற்கும். வேகவைத்தும் சாகாத கிருமி வித்துகள் அதில் முளைத்து நஞ்சைக் கக்கும்; மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. எனவே தட்டில் பரப்பி ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். கெட்டதா என மோந்து பார்த்தே கண்டுகொள்ளலாம் என்பது வீண் நம்பிக்கை. குழம்பு தனி டப்பாவில் போகட்டும், சோறு குழையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்