குளக்கட்டில் தொடங்கும் காதல்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன சனிக்கிழமை கிளிநொச்சியில் ஒரு வீட்டு மாமரத்தடியில் காதல் நாவல் எழுதுகிற ஒன்பது பேர் கூடினோம். மேடையில்லை, பொன்னாடையில்லை. முல்லைத்தீவுக்காரர் ஒரு பை நிறையப் பாலைப்பழம் கொண்டுவந்திருந்தார். உதடு ஒட்ட ஒட்டச் சாப்பிட்டபடி பின்னேரம் வரை கதைத்தோம்.

பெரும்பாலும் தொழில் கதைதான். நாயகனும் நாயகியும் முதலில் எங்கே சந்திப்பது? சென்னைக் கதை என்றால் கடற்கரை இருக்கிறது. எங்களுக்கு ஏ-9 வீதி பஸ்ஸும் இரணைமடுக் குளக்கட்டும்தான். “குளக்கட்டில் இரண்டு பேர் நின்று கதைத்தால் பொழுதுபட முன்னம் ஊருக்கே தெரிந்துவிடும், அதுவே பாதி நாவல்” என்றார் ஒரு அக்கா. பகலில் தையல் வேலை, இரவில் புனைபெயரில் எழுத்து. மாமியாருக்கு இன்னும் தெரியாதாம்!

இந்தக் கடிதம் எழுதக் காரணம் ஒரு மனக்குறை. எங்கள் பக்கத்து வாசிகசாலை ஒன்றில் காதல் நாவல் என்றாலே வாசிக்காமல் ஒதுக்கிவிடுகிறார்கள். 1973இல் வீரகேசரி வெளியிட்ட அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவல், தண்ணிமுறிப்பு என்ற வன்னிக் கிராமத்தில் நடக்கும் ஆண் பெண் உறவின் கதைதானே? அதற்கு அடுக்கில் இடம் உண்டு. சரி, நாங்கள் எழுதுவதெல்லாம் அந்தத் தரம் என்று சொல்ல வரவில்லை. என் முதல் இரண்டு நாவலும் எனக்கே பிடிக்காது. புரட்டிப் பார்த்துவிட்டு ஒதுக்கலாமே?

அடுத்த முறை மாங்குளத்தில் கூடுகிறோம். வாசகரும் வரலாம், சோற்றுப் பார்சலோடு.

ஒரு காதல் கதைக்காரி,
கிளிநொச்சி