சிக்னல் அருகே மாறிக்கொண்டே இருக்கும் விளம்பரத் திரைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாலைச் சந்திப்புகளில் பெருகிவரும் மின்னணு விளம்பரத் திரைகளைப் பற்றிப் பேசினாலே, 'ஓட்டுபவர் சாலையைப் பார்த்து ஓட்டினால் போதாதா?' என்று கேட்கிறார்கள். 18 ஆண்டுகளாக இரு சக்கர வாகனத்தில் வேலைக்குச் சென்றுவரும் எனக்கு, அந்தக் கேள்வி கண்ணின் இயல்பை அறியாதது என்றே படுகிறது. சென்ற மழைக்காலத்து மாலையில், இருண்டிருந்த திரை ஒன்று சட்டென வெள்ளையாக மாறியபோது என் பார்வை தானாக அங்கே போனது. திரும்புவதற்குள் முன்னால் சென்ற கார் நின்றிருந்தது. நூலிழையில் தப்பினேன்.

நம் கண் கூர்மையாகக் காண்பது பார்வையின் நடுவே ஏறத்தாழ 2 பாகை அளவை மட்டுமே. கையை நீட்டினால் கட்டைவிரலின் அகலம் மறைக்கும் இடம் அவ்வளவுதான். சுற்றியுள்ள பெரும்பரப்பு உருவங்களைத் தெளிவாகக் காட்டாவிட்டாலும், அசைவையும் ஒளி மாற்றத்தையும் உடனே உணர்ந்து கண்ணை அந்தப் பக்கம் இழுத்துவிடுகிறது. ஸ்டீவன் யாண்டிஸ், ஜான் ஜோனைட்ஸ் என்னும் உளவியலாளர்கள் 1984இல் செய்த சோதனையில், காலியாக இருந்த இடத்தில் திடீரெனத் தோன்றிய எழுத்தை, சுற்றிலும் எத்தனை எழுத்துகள் இருந்தபோதிலும் மக்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கண்டுகொண்டனர். கவனத்தை முன்கூட்டியே ஓரிடத்தில் முழுமையாகக் குவித்திருப்பவரை இந்த ஈர்ப்பு அவ்வளவாகத் தொடுவதில்லை என்று அவர்களே 1990இல் கண்டனர். ஆனால் நின்றிருக்கும் பேருந்தின் முன்னாலிருந்து ஓடிவரும் சிறுவனையும் குறுக்கே புகும் ஆட்டோவையும் எதிர்பார்த்து எல்லாப் பக்கமும் கவனத்தை விரித்து வைத்திருப்பவரே நல்ல ஓட்டுநர். அந்த விழிப்பே அவரைத் திரையிடம் பறிகொடுக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி கண் விலகினால், வண்டி 33 மீட்டர் கடந்திருக்கும்.

பிரேக் விளக்கும், இண்டிகேட்டரும், ஆம்புலன்ஸின் சுழல் விளக்கும் கண்ணின் இதே இயல்பை நம்பித்தான் உயிர்களைக் காக்கின்றன. ஆபத்தை அறிவிப்பதற்கென்று இருக்க வேண்டிய திடீர் ஒளியை, நகைக்கடைக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் கொடுத்துவிடுவது எந்த வகையில் நியாயம்?

பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரம் 2007 முதல் வெளிப்புற விளம்பரப் பலகைகளையே தடை செய்தது. அந்த அளவுக்குக்கூட நான் கேட்கவில்லை. சிக்னல்களும் பாதசாரிகள் கடக்கும் இடங்களும் கண்ணில் படும் தொலைவில் உள்ள திரைகளில் அசையும் படங்களையும் சட்டென மாறும் படங்களையும் நிறுத்தி, இரவில் அவற்றின் ஒளியைக் குறைக்கும்படி நெடுஞ்சாலைத் துறையும் மாநகராட்சிகளும் உத்தரவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்