மணல் மேல் அடுக்கிய கல்: தொட்டி அமைப்புச் சேவை பற்றி ஒரு புகார்

தெம்பனிஸ், சிங்கப்பூர்
22 ஏப்ரல் 2025

மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: மார்ச் 8 அன்று என் கடல்நீர்த் தொட்டியில் உங்கள் நிறுவனம் அடுக்கிய பாறைகள் ஏப்ரல் 11 இரவு சரிந்து விழுந்தது குறித்து

வணக்கம். போனில் பேசியபோது, எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள், தமிழிலேயே எழுதலாம் என்றீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் பழைய தொட்டி 60 லிட்டர். அதிலிருந்த பவளங்களைப் பெரிய தொட்டிக்கு மாற்ற உங்களிடம் வந்தேன். 60 செ.மீ. நீளத் தொட்டி, 14 கிலோ டிரை ராக் (உயிர் எதுவும் ஒட்டாத காய்ந்த பாறை), மணல் எல்லாம் உங்கள் கடையில்தான் வாங்கினேன். பாறை அடுக்கி, பவளங்களை ஒட்டித் தரும் வேலைக்கு மட்டும் தனியாக 680 வெள்ளி கட்டினேன். அதே ரசீதில் ஒரு பிஸ்டல் இறாலும் மஞ்சள் காவல் கோபி மீனும் இருக்கின்றன. அந்த வரியைத் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். என் புகாரின் மூலமே அதுதான்.

பிஸ்டல் இறால் நாள் முழுக்கக் குழி தோண்டும். அதற்குக் கண் பார்வை குறைவு. மீசையைக் கோபியின் உடம்பில் வைத்துக்கொண்டே வெளியே வரும். கோபி வாலை அசைத்து எச்சரித்தால் சட்டென்று உள்ளே போய்விடும். இந்த ஜோடியைப் பார்க்கத்தான் என் மகன் ஆசைப்பட்டு வாங்கினான். இப்படித் தோண்டுகிற பிராணியை விற்ற கடைக்காரர்கள், பாறையை மணல் மேல் அடுக்கலாமா? முதலில் அடிக்கண்ணாடியில் பாறையை அசையாமல் உட்கார வைத்து, அப்புறம்தான் சுற்றிலும் மணலைக் கொட்ட வேண்டும். அன்று நான் கேட்கவும் செய்தேன்: "தம்பி, கல்லைக் கண்ணாடி மேலேயே வைக்கலாமே?" வந்திருந்த பையன், "மணல் போட்டாச்சு அக்கா, தானா உட்கார்ந்துக்கும்" என்றார். 50 நிமிடத்தில் வேலை முடிந்தது. கல்லோடு கல்லை ஒட்டும் எபாக்ஸிப் பசை ஒரு துண்டுகூடப் பயன்படுத்தவில்லை. மேல் கல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா சாய்ந்து நின்றன. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அன்று அவருக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது. அப்படி அவரை ஓட விட்டது நீங்கள்.

ஏப்ரல் 11, இரவு இரண்டரை மணி இருக்கும். அம்மிக்கல் நகர்ந்த மாதிரி ஒரு சத்தம். விளக்கைப் போட்டால் தொட்டி முழுக்கப் பால் கலந்தது போல மணல் கலங்கியிருந்தது. தெளிய ஒரு மணி நேரம் ஆனது. இறால் வளை தோண்டிய பக்கம் அடிக்கல் இறங்கி, மேல் கல் முன்னால் உருண்டு, என் ஹேமர் பவளத்தின் மேல் கிடந்தது. கோபி அந்தக் கல்லுக்கு அடியில் செத்துக் கிடந்தது. முன் கண்ணாடியில் 12 செ.மீ. நீளத்துக்குக் கீறல்.

அந்த ஹேமர் பவளத்தை மூன்று வருடம் முன்பு இரண்டு தலையோடு வாங்கினேன். ஒவ்வொரு தலையும் நடுவில் மெல்லப் பிளந்து, இரண்டு வாயாகி, அப்புறம் இரண்டு தலையாகும். அப்படிப் பிரிந்து பிரிந்து ஏழு தலையாகியிருந்தது. நான்கு தலைகள் எலும்போடு நொறுங்கிவிட்டன. காயம் பட்ட சதையில் மூன்றாம் நாள் பழுப்பு நிறக் கூழ் படர்ந்தது. அழுகிய நாற்றம். பரவாமல் இருக்க அந்தத் தலைகளை நானே வெட்டி எடுத்தேன். மிச்சம் மூன்றுதான்.

கல் சரியாமல் இருந்திருந்தாலும் அந்த ஹேமருக்கு ஆபத்து இருந்தது. நீங்கள் விற்ற கேலக்ஸியா என்ற இன்னொரு பவளத்தை அதிலிருந்து 7 செ.மீ. தள்ளி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கேலக்ஸியா ராத்திரியில் கொட்டும் இழைகளை நீட்டும். சிவப்பு டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி நூல் போல, நுனியில் வெள்ளைப் புள்ளியோடு, தண்ணீர் ஓடும் திசையில் ஆடிக்கொண்டு ஹேமரின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஒரு சாண் வரைகூட நீளக்கூடிய இழைகள் அவை. இதற்குத் தொட்டியில் தனி மூலை ஒதுக்க வேண்டும் என்பது பவளம் விற்பவர்களுக்குத் தெரியாத விஷயமா?

பாறை முழுவதையும் பின் கண்ணாடியோடு ஒட்டிச் சுவர் மாதிரி எழுப்பியதும் தவறு. பாறையை நம்பியே தொட்டி நடத்தலாம் என்று 1961இலேயே எழுதிக் காட்டியவர் பக்கத்து நாடான இந்தோனேசியாவின் கடல்மீன் வளர்ப்பாளர் லீ சின் எங். பாறைதான் வடிகட்டி. அதற்குப் பின்னால் தண்ணீர் ஓடினால்தான் வேலை செய்யும். என் தொட்டியில் பின்பக்கம் கழிவு தேங்கி, கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட் 5இலிருந்து ஐந்து வாரத்தில் 40 ஆனது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மறுநாள் உங்கள் உதவி எண்ணில் பேசியவர், நசுங்கிய ஸோவாக்கள் (பொத்தான் போன்ற சின்னப் பவள வகை உயிர்கள்) ஒட்டிய கல்லைக் கொதிக்கும் நீர் ஊற்றிக் கழுவச் சொன்னார். ஸோவா இனங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் இருக்கிறது. வெந்நீர் ஊற்றினால் அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டில் உள்ளவர்கள் மருத்துவமனைக்குப் போகும் நிலை வரலாம். எனக்குத் தெரிந்திருந்ததால் செய்யவில்லை. கையுறை போட்டு, கல்லைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கையாண்டேன். தெரியாத ஒருவர் நீங்கள் சொன்னபடி செய்திருந்தால்? அந்த ஆலோசனையை இன்றைக்கே நிறுத்துங்கள்.

ஏப்ரல் 16 அன்று நீங்கள் அனுப்பிய பதில் ஒரே வரி: உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் இல்லை. நான் உயிருக்கு உத்தரவாதம் கேட்கவில்லை. கல் நிற்கும் என்பதற்குத்தான் 680 வெள்ளி கொடுத்தேன். ஹேமர், கேலக்ஸியா உட்படக் கல்பவளங்கள் எல்லாம், அழியும் ஆபத்துள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. அனுமதிச் சீட்டோடு கடலைத் தாண்டி வருகிற உயிர்கள். உடைந்த பொம்மைக்குச் சொல்கிற பதிலை இவற்றுக்குச் சொல்லாதீர்கள்.

நான் கேட்பது: அமைப்புக் கட்டணம் 680 வெள்ளியும், கோபியின் விலையும், கீறிய கண்ணாடிக்கு ஈடும். ஹேமருக்கு நான் விலை போடவில்லை. அது உங்கள் கடைச் சரக்கும் அல்ல. அப்புறம், இனி வேலைக்கு அனுப்பும் பிள்ளைகளிடம் பாறை முதலில், மணல் பிறகு என்று எழுத்தில் கொடுத்து, அதன் நகல் ஒன்றை எனக்கு அனுப்ப வேண்டும். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிவேன். ரசீது, படங்கள், என் மகன் எழுதி வைத்த நீர்ச் சோதனைக் குறிப்பேட்டின் பக்கங்கள் இணைத்துள்ளேன்.

பாறையை நானே பிரித்து, கண்ணாடி மேல் வைத்து, எபாக்ஸியும் ஜெல் பசையும் போட்டு, பின்னால் நான்கு விரல் இடம் விட்டு மறுபடி அடுக்கிவிட்டேன். கேலக்ஸியாவைப் பழைய தொட்டியில் தனியாக வைத்திருக்கிறேன். அது நன்றாக விரிந்திருக்கிறது. எந்தச் சனிக்கிழமை காலையும் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரோடு கொண்டுபோக வாளியும் மூடியும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்