வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள்
(கொரோனா முடக்கத்துக்குப் பின் பள்ளிகள் மீண்டும் திறந்த நாட்களில் எழுதிய கடிதம்)

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொரோனாவுக்காக மூடிய பள்ளிகளைத் திறக்கும் செய்தி என்றாலே பிள்ளையின் நெற்றிக்கு நேரே வெப்பமானி பிடிக்கும் படம்தான் வருகிறது. 26 ஆண்டுகளாக ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். இப்போது தினமும் காலையில் அந்த வெப்பமானியோடு வாசலில் நிற்பதும் என் வேலை. அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

திறந்த முதல் நாள். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி, முகக்கவசத்தின் அறுந்துபோன கயிற்றை ஊக்கால் குத்தி மாட்டிக்கொண்டு வந்தாள். "நல்ல மாஸ்க் போட்டுக்கிட்டு நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டோம். சொன்னது நானில்லை, ஆனால் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அவள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடு தேடிப் போனேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் தம்பி. வீட்டில் இருந்த இரண்டு நல்ல முகக்கவசமும் வேலைக்குப் போகும் அப்பா அம்மாவுக்கு. "மாஸ்க் வாங்கினாத்தானே வரணும், டீச்சர்?" என்றாள். வாசலில் ஒரு பெட்டி முகக்கவசம் வைத்திருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

வெப்பமானியும் அப்படித்தான். வெயிலில் நடந்தும் ஓடியும் வரும் பிள்ளைக்கு நெற்றிச் சூடு கூடுதலாகத்தான் காட்டும். நிழலில் பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தால் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. வண்டியில் வந்து இறங்கும் பிள்ளைக்கு இந்தத் தொல்லையே இல்லை.

இவற்றை விடப் பெரிய சிக்கல், யாரும் பேசாத ஒன்று: சுழற்சி முறை, அதாவது ஒரு நாள் பாதிப் பிள்ளைகள், மறுநாள் மீதிப் பேர். வரிசை எண் ஒற்றை, இரட்டை என்று பிரித்ததில் இந்தப் பெண்ணுக்குத் திங்கள், புதன், வெள்ளி வந்தது. இரண்டாம் வகுப்புத் தம்பிக்குச் செவ்வாய், வியாழன், சனி. தாளில் ஆளுக்கு மூன்று நாள் பள்ளி. ஆனால் தம்பி வீட்டில் இருக்கும் நாட்களில் அவனை யார் பார்த்துக்கொள்வது? அக்காதான். அப்புறம் அவளுக்கு ஏது பள்ளி? முகக்கவசத்தோடு வந்திருந்தாலும் அவளால் தொடர்ந்து வந்திருக்க முடியாது. ஒரே அறையில் படுத்து எழும் இரண்டு பிள்ளைகளை வேறு வேறு நாளில் வரவழைத்து எந்தக் கிருமியைத் தடுக்கிறோம்? ஒரே நாளில் வந்தால், ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு அவர்கள் வழியாகத் தொற்று தாண்டுவதாவது குறையும்.

ஏழைப் பிள்ளை ஒருமுறை விலகினால் திரும்ப வருவது லேசில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் எபோலா என்ற தொற்றுநோய்க்காக மூடிய பள்ளிகளை 2015 ஏப்ரலில் திறந்தபோது, இடைப்பட்ட காலத்தில் கர்ப்பமான மாணவிகளை உள்ளே விடவில்லை. அந்தத் தடை நீங்க 2020 மார்ச் ஆயிற்று. நாம் அவ்வளவு கொடுமை செய்யவில்லை, சரி. ஆனால் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைக்கு ஊக்கு குத்திய முகக்கவசமும் தடைதான்.

கை கழுவுவது பற்றியும் ஒரு வார்த்தை. உலகப் பள்ளிகளில் 43 சதவீதத்தில் சோப்பும் தண்ணீரும் வைத்துக் கை கழுவ வசதி இல்லை என்பது ஐ.நா. அமைப்புகள் தந்த 2019ஆம் ஆண்டுக் கணக்கு. கை கழுவச் சொல்லும் படத்தை ஒட்டுவதற்கு முன் குழாயைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

அந்தப் பெண் இப்போது வருகிறாள், தம்பியோடு, ஒரே நாட்களில். உடன்பிறந்தவர்களைச் சேர்த்துப் பட்டியலை மாற்றி எழுத எங்களுக்கு ஒரு மதியம்தான் ஆனது. என் வகுப்பில் இன்னும் நான்கு பேர் வரவில்லை. வரும் ஞாயிறு இரண்டு வீடு, அடுத்த ஞாயிறு இரண்டு.

இப்படிக்கு,
ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை
(பெயரை வெளியிட வேண்டாம்)