ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியும் ஒரு மூடை சீமெந்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய அரச கட்டடம் ஒன்றைத் திருத்தி, வெள்ளையடித்து, உணவகத்துக்கும் கடைகளுக்கும் குத்தகைக்கு விடலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் கொழும்புக் கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். காட்டட்டும், நல்ல உதாரணம்தான். ஆனால் 2011 டிசெம்பரில் அது கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டபோது எடுத்த படங்களை வைத்துக்கொண்டு மற்றக் கட்டடங்களுக்குத் திட்டம் போடுகிறவர்கள், இந்த மாதிரிச் சுவர் எதனால் கெடுகிறது, திருத்திய பிறகும் எதனால் மறுபடி கெடும் என்று கேட்பதாகத் தெரியவில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

1681இல் கிறிஸ்தோப் ஷ்வைட்சர் என்ற ஜெர்மன்காரர் இங்கே ஆஸ்பத்திரி இருந்ததைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே கட்டடத்தின் வயது 340க்குக் குறையாது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தன் அதிகாரிகளுக்கும் ஊழியர்களுக்கும் கட்டியது. கப்பலில் வரும் நோயாளரைக் கவனிக்க வசதியாகத் துறைமுகத்துக்குக் கிட்ட வைத்தார்கள். பக்கத்தில் ஒரு கால்வாய் ஓடியது. ஆங்கிலேயர் அதைத் தூர்த்துவிட்டார்கள், ‘கனால் ரோ’ என்ற தெருப்பெயர் மட்டும் மிச்சம். ஐந்து சிறகுகள், நடுவே இரண்டு முற்றங்கள், சுமார் 50 சென்ரிமீற்றர் தடிப்பான சுவர்கள், பெரிய தேக்கு வளைகள் (உத்தரங்கள்), நீளமான திறந்த விறாந்தைகள். மின்விசிறி இல்லாத காலத்தில் காய்ச்சல்காரர்களைக் கிடத்திவைக்க இதைவிட நல்ல அமைப்பு கிடையாது.

1980களிலும் 90களின் தொடக்கத்திலும் அங்கே கோட்டைப் பொலிஸ் நிலையம் இருந்தது. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியின் மீது நடந்த குண்டுத் தாக்குதலில் இந்தக் கட்டடமும் சேதப்பட்டது. அதன்பின் நகர அபிவிருத்தி அதிகார சபை கையிலெடுத்துத் திருத்தும்வரை 15 ஆண்டுகள் ஓடின. காலி நகரின் கோட்டைக்குள் இருக்கும் ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியும் 2014இல் இதே வழிக்கு வந்தது. நோயாளர் படுத்திருந்த மண்டபத்தில் நண்டுக்கறி பரிமாறலாமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எங்களுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆள் புழங்கும் கட்டடத்தில் ஒழுக்கு விழுந்தால் அன்றைக்கே யாராவது சத்தம் போடுவார்கள். பூட்டிக்கிடக்கும் கட்டடத்தில் வளை முறிந்து விழும்வரை எவரும் கவனிக்கமாட்டார்கள்.

குண்டு வெடித்தால் சுவர் பிளப்பதுதான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதிர்ச்சியில் நகர்ந்துவிட்ட ஓடுதான் மெல்லக் கொல்லும். ஓடு இரண்டு விரற்கடை விலகினால் போதும், அடுத்த மழையில் தண்ணீர் ஓட்டைத் தாங்கும் சலாகையில் இறங்கி, அதன் கீழுள்ள சாய்வான கைமரம் வழியாகச் சுவருக்குள் பதிந்திருக்கும் வளையின் நுனிக்குப் போய்ச் சேரும். தேக்கு வெளியே பார்க்க இரும்பு மாதிரி இருக்கும். சுவருக்குள் ஒளிந்திருக்கும் அந்த ஒரு முழ நுனிதான் உளுத்துப்போகும். சோதிப்பது சுலபம்: குத்தூசியை நுனிக்குக் கிட்டச் சாய்வாக அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் விடாது. கெட்ட மரத்தில் ஊசி தானாக இறங்கும், நெம்பினால் நார் நாராக எழாமல் பிஸ்கட் மாதிரி உடையும்.

அதற்காக வளை முழுவதையும் மாற்றத் தேவையில்லை. கெட்ட நுனியை நல்ல மரம் தெரியும்வரை வெட்டிவிட்டு, பழைய தேக்கிலேயே புதுத் துண்டைச் சரிவாகச் சீவிப் பொருத்தலாம். சரிவின் நீளம் வளையின் உயரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கவேண்டும். ஆணிக்குப் பதில் போல்ற் போடுங்கள், அதுவும் துருப்பிடிக்காத எஃகில். கடற்காற்றில் சாதாரண இரும்பு துருவேறி வீங்கி மரத்தைப் பிளந்துவிடும். நுனியைச் சுவருக்குள் திரும்ப வைக்கும்போது சுற்றிவர ஓர் அங்குலம் காற்றுக்கு விடவேண்டும். மேசன்மார் அந்த இடைவெளியைக் கண்டதும் சீமெந்துக் கலவையைத் திணித்து ‘இறுக்கமாக’ அடைப்பார்கள். அப்படி அடைத்தால் புது நுனியும் பழைய வழிதான் போகும்.

ஐந்து சிறகு, இரண்டு முற்றம் என்றால் கூரைகள் ஒன்றோடொன்று சந்திக்கும் உள்மூலைகள் நிறைய இருக்கும். இரண்டு கூரையின் தண்ணீரும் அந்த மூலைகளில் பதிக்கும் தகட்டுப் பீலிகளில்தான் சேரும். நாலு அரசிலை அடைத்தால் தண்ணீர் பின்வாங்கி ஓட்டுக்கு அடியால் உள்ளே வரும். உள்மூலைப் பீலியின் தகடு ஒவ்வொரு பக்கமும் ஓட்டுக்கு அடியில் 15 சென்ரிமீற்றராவது ஏறியிருக்கவேண்டும், ஆள் மிதித்துத் துப்புரவாக்கக்கூடிய அகலமும் வேண்டும். வருடத்தில் இரண்டு முறை, தென்மேல் பருவமழைக்கு முன் ஏப்ரல் கடைசியிலும் ஐப்பசி மழைக்கு முன் செப்ரெம்பரிலும், ஏணி வைத்து ஏறினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இனிச் சுவர். ஒல்லாந்தர் காலச் சுவர்கள் கபுக்கல்லும் (செம்பூரான்கல்) முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தவை. அடியில் ஈரம் தடுக்கும் படை எதுவும் கிடையாது. கடலுக்கு இத்தனை கிட்ட, தூர்த்த கால்வாயின் ஓரத்தில் நின்றால் அத்திவாரம் ஈரம் குடிக்கத்தான் செய்யும். அந்த ஈரம் முழங்கால் உயரம் ஏறி, சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காய்ந்துபோகும். சுவருக்கு வந்த தண்ணீர் வெளியேற ஒரு வழி இருக்கிறது, அவ்வளவுதான். அந்த வழியை அடைப்பதுதான் சீமெந்து. பூச்சு உதிர்கிற இடத்தில் ஒருவர் சீமெந்துப் பூச்சுப் பூசி, மேலே எமல்சனும் அடித்துவிடுகிறார். ஒரு வருடம் அழகாக இருக்கும். காய வழியில்லாத ஈரம் இப்போது இடுப்பு உயரத்துக்கு ஏறும். அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகி, கல்லின் முகத்தை மாவாக்கித் தள்ளும். கையால் தட்டினால் ‘டொக்’ என்று வெற்றுச் சத்தம் கேட்கும். இன்னும் இரண்டு மழை போனால் பூச்சு பாளமாக விழும், விழும்போது கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு விழும். பார்ப்பவர்கள் ‘பழைய சுவர், பலமில்லை’ என்பார்கள். மறுபடி சீமெந்து பூசுவார்கள், இம்முறை இன்னும் உயரத்துக்கு.

திருத்தும் முறை இதுதான். சீமெந்துப் பூச்சைச் சிற்றுளியாலும் சிறு சுத்தியலாலும் மேலிருந்து கீழாக எடுக்கவேண்டும். உடைக்கும் மெஷினை வளவுக்குள்ளேயே விடக்கூடாது, அதன் அதிர்வில் கபுக்கல் உள்ளேயே நொறுங்கும். பிறகு சுவரைச் சும்மா விடுங்கள். ஒரு வறண்ட பருவம் முழுவதும் வெறும் சுவராக நிற்கவேண்டும். பூக்கும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி, கூட்டி அள்ளி வெளியே கொட்டவேண்டும். தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். உப்பு மிக அதிகமுள்ள இடத்தில் களிமண்ணும் காகிதக்கூழும் குழைத்து இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பில் அப்பி, அது காய்ந்து தானாக விலகும்வரை விட்டு உரித்தெடுக்கலாம். ஒருமுறை போதாது, மூன்று நாலு தடவை செய்யவேண்டியிருக்கும்.

சுண்ணாம்பு விஷயத்தில் நாட்டில் இன்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஒல்லாந்தர் முருகைக்கல்லைச் சுட்டார்கள். நாம் அப்படிச் செய்யமுடியாது, செய்யவும் கூடாது. 1988ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதையும் சூளை வைப்பதையும் தடை செய்திருக்கிறது. ஆகவே மலைநாட்டுப் பக்கம் கிடைக்கும் மக்னீசியம் கலந்த கல்லைத்தான் பெரும்பாலும் சுடுகிறார்கள். அந்தச் சுண்ணாம்பில் மக்னீசியாப் பகுதி மிக மெதுவாகவே நீறும், அதாவது தண்ணீரோடு சேர்ந்து களியாகும். அவசரப்பட்டுப் பூசினால் ஆறேழு மாதம் கழித்துச் சுவரில் சின்னச் சின்னப் பொருக்குகளாக வெடித்து, அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழும். சாதாரணச் சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் மூன்று மாதம் ஊறவைத்தால், இதை ஆறு மாதம் ஊறவைப்பது உத்தமம். நீற்றும்போது தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போடவேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போடாமல் கிட்டப் போகவேண்டாம். ஆறியதும் மூன்று மில்லிமீற்றர் வலையில் வடித்துக் குழியில் விடுங்கள். மேலே எப்போதும் ஒரு சாண் தண்ணீர் நிற்கவேண்டும்.

கலவை, முதற்பூச்சுக்குச் சுண்ணாம்புக் களி ஒன்று, மணல் மூன்று. கடைசிப் பூச்சுக்கு ஒன்றுக்கு இரண்டு. எப்போதும் ஈரமாகவே இருக்கும் அடிச்சுவரில் களி ஒன்று, செங்கல் தூள் ஒன்று, மணல் இரண்டு. மணல் நறநறவென்று கூர்மையான ஆற்றுமணலாக இருக்கவேண்டும், கடல்மணல் ஒரு சட்டிகூட வேண்டாம். பத்துச் சதுர மீற்றர் சுவருக்கு 20 மில்லிமீற்றர் பூச வேண்டுமென்றால் 200 லீற்றர் சாந்து, கழிவையும் சேர்த்து 240. களி மணலின் இடுக்குக்குள் போய்விடுமாதலால் மணல் 240 லீற்றரும் களி 80 லீற்றரும் எடுக்கவேண்டும். மணலும் களியும் சேர்ந்துதான் 240 என்று கணக்குப் போட்டால் கடைசிச் சுவரில் சாந்து போதாமல் போகும், அங்கேதான் யாராவது ஒரு மூடை சீமெந்தைக் கலந்து ஒப்பேற்றுவார்கள். ஒரு தடவையில் பத்து மில்லிமீற்றருக்கு மேல் பூசவேண்டாம். ஈரச்சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரம் காப்பாற்றி, நகத்தால் கீறினால் கோடு மட்டும் விழும் பதத்துக்கு வந்தபின் அடுத்த பூச்சு. மேலே பால் பதத்தில் சுண்ணாம்பு வெள்ளை, நாளுக்கு ஒன்றாக நாலைந்து தடவை. முதல் தடவை அடிக்கும்போது ஒன்றுமே அடிக்காதது போலத் தெரியும், பயந்து தடிப்பாக அடித்தால் பொருக்கு விடும்.

இவ்வளவும் செய்து குத்தகைக்கு விட்டபின் வருவதுதான் பெரிய வில்லங்கம். வாடகைக்காரர் கெட்டவர் இல்லை, அவருக்குச் சொல்லப்படவில்லை. கொழும்பின் புழுக்கத்தில் ஒரு தொன் ஏ.சி. மணிக்கு ஒரு லீற்றருக்கு மேல் தண்ணீர் விடும். பன்னிரண்டு ஏ.சி. பத்து மணிநேரம் ஓடினால் நாளுக்கு 120 லீற்றருக்குக் குறையாது. அந்தச் சின்ன பிளாஸ்ரிக் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள், அநேகமாகச் சுவரின் அடியில் முடியும். மழையே இல்லாத மாசியிலும் அந்தச் சுவர் பச்சையாக இருக்கும். சமையலறைத் தரையைத் தினமும் வாளி வாளியாகக் கழுவுவது, பெயர்ப்பலகைக்கு விரிந்து பிடிக்கும் இரும்பு ஆணியைக் கபுக்கல்லின் நடுவில் அடித்துப் பிளப்பது (சாந்து மூட்டில் அடித்தால் தீமையில்லை), உட்சுவரில் கழுவக்கூடிய பிளாஸ்ரிக் பெயின்ற் அடிப்பது, முற்றத்துக்குக் கல் பதிக்கிறேன் என்று தரையை ஓர் அடி உயர்த்திச் சுவரின் காலை மண்ணுக்குள் புதைப்பது, எல்லாமே நடக்கிறவைதான். முற்றத்தில் சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்குக் கல் பதிக்காமல் சரளை மட்டும் போட்டு, மிச்சத் தரையைச் சுவரிலிருந்து வெளியே சரிவாக, 60க்கு ஒன்று என்ற கணக்கில் விட்டால் போதும்.

ஆகவே குத்தகை ஒப்பந்தத்தில் வாடகைத் தொகைக்கும் பார்க்கிங்குக்கும் நாலு பக்கம் ஒதுக்குகிறவர்கள் சுவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கவேண்டும். சீமெந்துப் பூச்சும் பிளாஸ்ரிக் பெயின்றும் கூடாது; ஏ.சி. தண்ணீர் குழாய் வழியாக வடிகாலில்தான் விழவேண்டும். துளை போடுமுன் எழுத்தில் அனுமதி பெறவேண்டும். வருடத்துக்கு இருமுறை கூரை பார்ப்பதற்கான பணம் வாடகையிலிருந்து தனியே ஒதுக்கப்படவேண்டும். மீறினால் வைப்புப் பணத்திலிருந்து கழிக்க இடமிருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தை எவரும் படிக்கமாட்டார்கள்.

கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திருத்த வேலைக்கான பணம் ஆண்டின் நடுவில் கைக்கு வரும், டிசெம்பருக்குள் முடித்துக் கணக்குக் காட்டச் சொல்வார்கள். ஆறு மாதம் ஊறவேண்டிய சுண்ணாம்புக்கு அந்த நாட்காட்டியில் இடமே இல்லை. ஒப்பந்தக்காரர் சீமெந்துக் கடைக்குப் போவது அவருடைய குணத்தால் அல்ல, திகதியால். சுண்ணாம்பு வாங்கி நீற்றிக் குழியில் போடும் வேலையை மட்டும் தனியாகப் பிரித்து, முந்திய ஆண்டிலேயே சிறு தொகைக்குக் கேள்வி கோரலாம். குழிக்குத் தேவை ஒரு தகரக் கொட்டிலும் ஒரு காவற்காரரும்தான். களி எவ்வளவு காலம் கிடந்தாலும் கெடாது, தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் சரி.

இப்படிக்கு,
பழைய கட்டடத் திருத்த வேலையில் உள்ள சிலர்,
கொழும்பு