டைம்டேபிள் போடும் முன் ஒரு கணக்கு: ஒரு தாளாளருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய தாளாளர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். மே பிறந்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கான டைம்டேபிள் கையெழுத்துக்காக உங்கள் மேசைக்கு வந்துவிடும். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கும் மெட்ரிக் பள்ளிகளில் அந்தத் தாள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வாரம் 40 பீரியட், அதில் ஓர் ஆசிரியைக்கு 35. நாளைக்கு ஒரு ஃப்ரீ பீரியட் இருக்கிறது, பீரியடுக்கு 40 நிமிடம், ஆக மொத்தம் 23 மணி 20 நிமிடம். இதில் என்ன பளு என்று கேட்கத் தோன்றும். அந்தக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கத்தான் இந்தக் கடிதம்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் அட்டவணையில் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியரின் வேலை நேரத்தை வாரம் 45 மணி என்று வைத்திருக்கிறது. பாடத்துக்குத் தயாராகும் நேரமும் அந்த 45-க்குள் அடக்கம். பள்ளியில் இருக்கும் நேரத்தை மட்டும் எண்ணிவிட்டு, வீட்டுக்குத் தூக்கிப்போகும் நோட்டுக்கட்டை எண்ணாமல் விட முடியாது.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் ஐந்து செக்‌ஷனுக்குக் கணக்கு எடுக்கும் மிஸ் ஒருவரை எடுத்துக்கொள்வோம். செக்‌ஷனுக்கு 7 பீரியட், ஆக 35. செக்‌ஷனுக்கு 40 பிள்ளைகள், ஆக 200 பேர். (ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும் என்பதும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது.) கிளாஸ் ஒர்க், ஹோம் ஒர்க் என்று ஆளுக்கு இரண்டு நோட்டு. நோட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். வாராந்திரத் தேர்வுத் தாள் 200. ஒரு தாளுக்கு மூன்று நிமிடம் போட்டால் 10 மணி. பாடக்குறிப்பு எழுதவும் தயாராகவும் நாளைக்கு ஒரு மணி, வாரத்துக்கு 5. கூட்டிப் பாருங்கள், சரியாக 45 மணி. கற்பித்தலும் திருத்தலும் மட்டுமே சட்டம் சொல்லும் அளவை நிரப்பிவிட்டன.

மற்றதெல்லாம் இதற்கு மேல். வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பு எடுக்கும் சப்ஸ்டிட்யூஷன் வாரம் மூன்று, 2 மணி. பிரேயர், இடைவேளை, சாப்பாட்டு நேர மேற்பார்வை இரண்டரை மணி. காலையும் மாலையும் முக்கால் மணி வேன் டியூட்டி, ஏழரை மணி. மாலை ஸ்டடி 5 மணி. பெற்றோருக்கு போன், வாட்ஸ்அப், டைரி என்று 3 மணி. மொத்தம் 65 மணி. இந்தக் கணக்கில் ஒரு நிமிடமும் கூட்டி எழுதவில்லை. 10 மணியில் 200 தாள் திருத்தியவர்களுக்கு, அது எவ்வளவு குறைவான மதிப்பீடு என்று தெரியும்.

சப்ஸ்டிட்யூஷனை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் உடைவது அங்கேதான். 20 செக்‌ஷன் உள்ள பள்ளிக்கு வாரம் 800 பீரியட் வேண்டும். ஆளுக்கு 35 என்றால் 23 ஆசிரியர்கள். இவர்கள் எல்லாருடைய ஃப்ரீ பீரியடையும் சேர்த்தால் நாளைக்கு 24 தேறும். மூன்று பேர் வரவில்லை என்று வையுங்கள். காலியாகும் வகுப்பு 21. மிச்சம் இருப்பவர்களின் ஃப்ரீயும் ஏறக்குறைய 21. அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் ஒருவர்கூட உட்கார முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பஸ் வராத நாளிலும், தை மாத முகூர்த்த நாளிலும் மூன்று பேர் வராமல் போவது அதிசயமா? மழைக்குக் கலெக்டர் விட்ட லீவுக்கு ஈடாக வைக்கும் சனிக்கிழமை வகுப்புகளும் இதோடு சேரும். டெல்டாப் பள்ளிகளில் நோட்டுத் திருத்த மிஞ்சியிருந்த ஒரே நாளும் அத்தோடு போய்விடும். அதைத் தொடர்ந்து அரையாண்டுத் தேர்வும் வந்து நிற்கும். தொண்டை கட்டிப்போன ஆசிரியை லீவு கேட்பதும், லீவு கொடுக்க ஆளில்லாமல் ஹெச்.எம். மறுப்பதும் மார்கழியில் ஏன் கூடுகின்றன என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சரி, செலவு எவ்வளவு? ஆளுக்கு 28 பீரியட் என்று வைத்தால், அதே கணக்கு மிஸ்ஸுக்கு நான்கு செக்‌ஷன், 160 பிள்ளைகள். வகுப்பு, நோட்டு, தாள், தயாரிப்பு எல்லாம் சேர்ந்து 37 மணி. சப்ஸ்டிட்யூஷனுக்கும் மேற்பார்வைக்கும் 8 மணி கையில் இருக்கும். 800 பீரியடுக்கு 29 பேர் வேண்டும், அதாவது கூடுதலாக ஆறு பேர். மாதச் சம்பளம் 15,000 என்று கொள்வோம். வருங்கால வைப்பு நிதியான பி.எஃப்.பில் நிர்வாகக் கட்டணம் உட்பட உங்கள் பங்கு 13 சதவீதம், தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் 3.25 சதவீதம். ஒருவருக்கு 17,437 ரூபாய் 50 காசு. ஆறு பேருக்கு ஆண்டுக்கு 12,55,500 ரூபாய். 800 பிள்ளைகளுக்குப் பிரித்தால் தலைக்கு மாதம் 131 ரூபாய். இந்த எண்ணைப் பெற்றோர் கூட்டத்தில் வெளிப்படையாக வையுங்கள். பிள்ளையின் நோட்டை யாரோ உண்மையாகப் படித்துப் பார்க்கிறார்கள் என்றால் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

ஆறு பேரை இந்த ஆண்டே எடுக்க முடியாதென்றால், காசில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. வாராந்திரத் தேர்வை ஒரே வாரத்தில் எல்லா செக்‌ஷனுக்கும் வைக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றினால், மேலே சொன்ன மிஸ்ஸுக்கு வாரம் 5 மணி மிஞ்சும். தொடர்ந்து மூன்று பீரியடுக்கு மேல் போட வேண்டாம் என்று டைம்டேபிள் போடுபவரிடம் சொல்லிவிடுங்கள். நான்காவதில் குரலும் போகும், பொறுமையும் போகும். சப்ஸ்டிட்யூஷன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர் வாரியாக எண்ணிக்கை எழுதச் சொல்லுங்கள், ஆளுக்கு வாரம் இரண்டுதான் உச்சம். எழுதாத இடத்தில், மறுத்துப் பேசத் தெரியாத புது டீச்சர் தலையில்தான் எல்லாம் விழுகிறது.

வேன் டியூட்டி ஆசிரியர் வேலையே அல்ல. தமிழ்நாட்டின் 2012ஆம் ஆண்டுப் பள்ளிப் பேருந்து சிறப்பு விதிகள் வண்டிக்கு ஓர் உதவியாளர் வேண்டும் என்கின்றன. அந்த உதவியாளரின் சம்பளத்தைத்தான் ஆசிரியையின் ஏழரை மணி நேரம் மிச்சப்படுத்திக் கொடுக்கிறது. கத்திரி வெயிலில் வலங்கைமான், குத்தாலம் பக்கத்துக் கிராமங்களுக்கு "ஆளுக்கு இத்தனை அட்மிஷன்" என்று அனுப்புவதும், அறுவடைக் காசு வந்ததா என்று கேட்டு ஃபீஸ் வசூலிக்க வைப்பதும் அப்படியே. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகியவை தவிர கல்வி அல்லாத எந்த வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போனார்கள். கட்டட உறுதிச் சான்று, உரிமம், தீத்தடுப்புச் சான்று, சுகாதாரச் சான்று என்று இன்றைக்கு நீங்கள் வைத்திருக்கும் கோப்பின் பின்னால் அந்த நாள் இருக்கிறது. ஒவ்வொன்றும் தேவைதான். ஆனால் 40 பிள்ளைகளை ஒரு மணி நேரத்துக்கு யார் பார்த்துக்கொள்கிறார், அவர் எத்தனை மணி விழித்திருந்து வந்தவர் என்பதற்கு அந்தக் கோப்பில் ஒரு தாளும் இல்லை.

சம்பளத்துக்கு வருகிறேன். ஆசிரியர்கள் அன்றைய தொழில் தகராறு சட்டப்படி 'தொழிலாளர்' ஆக மாட்டார்கள் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்கள் ஆடிட்டர் சொல்லியிருப்பார். அதை வைத்து எந்தத் தொழிலாளர் சட்டமும் பொருந்தாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. 20 பேர் வேலை பார்த்தால் பி.எஃப். உண்டு, அந்த 20இல் டிரைவரும் ஆயாவும் சேர்த்தி. உங்கள் பங்கு 12-ஐயும் சேர்த்து 24 சதவீதத்தை ஆசிரியரின் சம்பளத்திலேயே பிடிப்பது சட்டவிரோதம். பிடித்ததைக் கட்டாமல் விட்டால் நம்பிக்கை மோசடி வழக்கு. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், கட்டினீர்களா என்று ஆசிரியர் போனிலேயே பாஸ்புக்கில் பார்க்கலாம். மாதம் 21,000 வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. அதில் பதிந்து, போதிய நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருந்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கான பேறுகாலத்துக்கு 26 வாரம் சம்பளம் இ.எஸ்.ஐ. கழகமே தரும், உங்கள் கையிலிருந்து போகாது. பதியாமல் விடுவதால்தான் கர்ப்பமான மிஸ்ஸை ராஜினாமா எழுதச் சொல்லும் நிலை வருகிறது.

கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை ஆசிரியருக்கு இல்லை என்று 2004இல் வந்த தீர்ப்பை நாடாளுமன்றம் 2009இல் திருத்தம் கொண்டுவந்து மாற்றியது. 1997 ஏப்ரல் 3 முதல் அது செல்லும். 2022இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. 18,000 ரூபாயில் 12 ஆண்டு வேலை பார்த்து விலகுபவருக்கு, 18,000-ஐ 15ஆலும் 12ஆலும் பெருக்கி 26ஆல் வகுங்கள், 1,24,615 ரூபாய். ஏப்ரலில் ரிலீவ் செய்து ஜூனில் புது ஆர்டர் கொடுத்தால் ஐந்தாண்டு சேராது என்று சில பள்ளிகள் நினைக்கின்றன. வாரம் ஐந்து நாள் இயங்கும் நிறுவனத்தில் 190 நாள், ஆறு நாள் என்றால் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அந்த ஆண்டு தொடர்பணிதான். மே மாதச் சம்பளத்தை நிறுத்தி மிச்சம் பிடிப்பதும், வங்கியில் போட்டதில் பாதியைக் கையில் திரும்ப வாங்குவதும் இதே வகைதான். ஒரே ஒரு ஆசிரியர் பாஸ்புக்கோடு புகார் கொடுத்தால் பழைய ஆண்டுகள் எல்லாம் வட்டியோடு திறந்துகொள்ளும்.

கடைசியாக, அலுவலக பீரோவில் இருக்கும் ஒரிஜினல் சான்றிதழ்கள். டி.சி., பட்டம், பி.எட்., டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எல்லாவற்றையும் சேரும்போதே வாங்கி வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நடு ஆண்டில் விலகிப் போகாமல் தடுக்க என்கிறார்கள். அவை ஆசிரியரின் சொத்து, அடமானப் பொருள் அல்ல. சரிபார்த்துவிட்டு நகலில் கையொப்பம் வாங்கிக்கொண்டால் போதும். புது டைம்டேபிளில் கையெழுத்துப் போடும் அன்றைக்கே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, ஒப்புகை எழுதி வாங்கிக்கொண்டு, அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளி நன்றாக நடக்க வேண்டும் என்று விரும்பும் ஒருவர்