மோதிரத்தைப் பற்றி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் வந்து இருபது நாளாகிறது. மொத்தம் ஆறு வரி, அதில் நான்கு வரி திட்டு. திட்டியது நியாயம்தான். மூன்று மாதமாக போனில் "நல்லா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வெளியே தலை காட்ட முடியாத குளிர். ஒழுங்காக உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அம்மாவின் கேள்வி. போட்டோவில் என் விரலில் மோதிரம் இல்லையே என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். பேட்டரி வேலை செய்கிறேன், அதனால்தான். நீங்கள் சொன்னால் அம்மா நம்பும்.

யார் கையசைத்தாலும் பதிலுக்கு ஸ்பானரைத் தூக்கிக் காட்டுவாரே, பக்கத்து வீட்டுப் பெரியவர், அவரிடம் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி ஒன்று இருக்கிறது. பெட்ரோல் கிடையாது. சீட்டைத் தூக்கினால் 12 வோல்ட் பேட்டரி நான்கு, சேர்த்து 48 வோல்ட். நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற ஆசிட் பேட்டரி ஜாதிதான். முழங்கால் வலியால் அவரால் குனிய முடியாது. நான் குனிகிறேன், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அதட்டுகிறார்.

முதல் நாள் நான் ஸ்பானரை எடுத்ததும் அவர் தன் மோதிரத்தைக் கழற்றி சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். வேலை செய்யப் போவது நான், மோதிரம் கழற்றுவது அவர்! அப்புறம் விரலைக் காட்டினார். சுற்றிலும் வெள்ளையாக ஒரு தழும்பு. என்றைக்கோ ஸ்பானரும் மோதிரமும் சேர்ந்து பேட்டரியின் இரண்டு முனைக்கும் பாலம் போட்டுவிட்டதாம். ஷாக் ஒன்றும் அடிக்கவில்லை, ஒரு நொடியில் மோதிரம் பழுத்துவிட்டது, அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகு யாருக்கு மோதிரம் போட மனசு வரும்? என்னுடையது பத்திரமான இடத்தில் இருக்கிறது, ரசீது பெட்டியில் இருக்கிறது. குளிர் முடிந்ததும் மீட்டு, அதாவது மறுபடியும் எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

இந்த வண்டியில் எனக்குப் பிடிக்காதது அதன் அமைதி. பெட்ரோல் வண்டி உறுமிக்கொண்டே இருக்கும், பயம் தானாக வரும். இது ஆன் ஆகி நின்றாலும் அணைத்து வைத்த மாதிரியே இருக்கும். அதனால் பெரியவருக்கு ஒரு சட்டம்: சாவி சட்டைப் பையில் இருந்தால்தான் கை பிளேடு பக்கம் போகலாம். பிளேடைக் கழற்றுவதென்றால் சாவி மட்டும் போதாது, பேட்டரி இணைப்பையும் பிரித்துவிட வேண்டும். வழியில் கிடக்கும் ஒரு குச்சியைப் பொறுக்க இறங்கினாலும் சாவியை உருவிக்கொண்டுதான் இறங்குவார். சீட்டை விட்டு எழுந்தால் பிளேடு தானாக நிற்கும்படி சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. அதை வயர் போட்டு ஏமாற்றி ஓட்டுகிறவர்களைப் பற்றி அவர் சொல்வதை இங்கே எழுத முடியாது.

வேலை செய்கிற இடத்திலும் இதே மாதிரி வண்டிதான், ஆனால் லித்தியம் பேட்டரி. தண்ணீர் ஊற்றுகிற வேலை இல்லை. ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டால் கெட்டுவிடும், உள்ளே கொண்டுவந்து குளிர் விட்ட பிறகுதான் போட வேண்டும். எனக்கு அது தெரிந்திருந்தது. தெரியாதது வேறு. அடியில் அப்பியிருந்த புல்லைப் போக்க பிரஷர் பைப்பைப் பிடித்து நன்றாக அடித்துக் கழுவினேன். கனெக்டருக்குள் தண்ணீர் போய் வண்டி படுத்துவிட்டது. சாவியை எடுத்துவிட்டுக் காய்ந்த புல்லை மரக்கட்டையால் சுரண்டியிருந்தால் பத்து நிமிட வேலை. சூப்பர்வைசர் இப்போதைக்கு வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, முதுகுக்கு ஓய்வு. பெரியவர் வீட்டு வேலைக்கும் நேரம் கிடைக்கிறது.

நேற்று அவர் வண்டியைக் குளிருக்கு மூடி வைத்தோம். முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சோடா உப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். மூடிகள் இறுக்கமாக இருக்கிறதா என்று நாலு தடவை பார்க்கச் சொன்னார், சோடா உள்ளே போனால் ஆசிட் வீணாகிவிடும். முழு சார்ஜ் ஏற்றித்தான் வைக்க வேண்டுமாம். சார்ஜ் இறங்கிய பேட்டரியில் ஆசிட் நீர்த்துப்போய் ஏறக்குறைய தண்ணீராகிவிடும், இந்தக் குளிரில் உறைந்து பெட்டியையே பிளந்துவிடும்.

இணைப்பைப் பிரிக்கப் போனபோது ஸ்பானரைத் தெரியாமல் பிளஸ் பக்கம் கொண்டுபோய்விட்டேன். மணிக்கட்டில் ஒரு தட்டு. "மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்." அவர் பாஷையில்தான் சொன்னார் அப்பா. எனக்குக் கேட்டது உங்கள் குரல். பத்து வயதில் டிராக்டர் பக்கத்தில் அதே கையில் அதே இடத்தில் தட்டினீர்களே. தலையைத் தூக்காமல் கொஞ்ச நேரம் பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் ஆசிட் தெறித்துவிட்டதென்று நினைத்து, அந்த முழங்காலோடு தண்ணீர் எடுக்க ஓடினார். நான் கண்ணாடி போட்டுத்தான் இருந்தேன்.

சரி, வீட்டு விஷயம். இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புதிது வாங்க அவசரப்பட வேண்டாம். குமாரை மூடி திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முழு சார்ஜ் ஏறிய பிறகு மீதியை ஊற்ற வேண்டும். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். குழாய்த் தண்ணீர் கூடாது, ஆசிட்டும் ஊற்றக் கூடாது. சார்ஜ் ஏறும்போது வாயு வரும், அந்த அறை ஜன்னலைத் திறந்து வைத்து, சித்தப்பாவை பீடியோடு அந்தப் பக்கம் விடாதீர்கள்.

செல்வி பரீட்சைக் கட்டணம் கடைசி தேதி என்றைக்கு என்று உடனே எழுதுங்கள், அது மட்டும் தவறாது. மற்ற பணம் இந்த மாதம் நாலு நாள் தள்ளி வரும், பேங்கில் ஏதோ தாமதம். மாடி ஒழுகலுக்குப் பெரியப்பா கொடுத்த கொத்தனாரே போதும், ஆனால் முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுத்துவிடாதீர்கள். பத்திர நகலை சித்தப்பாவிடம் கொடுக்கும்முன் குமாரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்ட வேண்டாம். தழும்பு வரைக்கும் போதும்.

உங்கள் மகன்,
முருகேசன்